பெயர்த்த மரமும் பட்ட கடனும்

தானே வருவித்த துன்பத்தைத் தானே தணிக்க முனைபவனின் செயலை அறவியல் எவ்வாறு மதிப்பிடல் வேண்டும்? வீதியில் வீழ்ந்து கிடப்பவனைத் தூக்கி நிறுத்துபவன் இரக்கமுடையோன். அவனைத் தள்ளி வீழ்த்திவிட்டுப் பின்னர் தூக்கி நிறுத்துபவன் யார்? புறத்தே நோக்குவோர்க்கு இரண்டும் ஒரே செயல். கை நீளும் விதமும், தாங்கும் பரிவும், வீழ்ந்தவன் எழுந்து நடக்கையில் உண்டாகும் மகிழ்ச்சியும் இரண்டிலும் ஒத்திருத்தல் கூடும். ஆயினும் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்க மனம் ஒருப்படுவதில்லை. இவ்வினாவை மனிதரிடையே வைத்து ஆராயும்போது கோபம், மன்னிப்பு, நன்றி, வழக்கு முதலியன இடைப்புகுந்து அதனைக் கலக்கிவிடுகின்றன. வாய்பேசாத ஓர் உயிரை முன்வைத்து நோக்கின் அது சற்றுத் தெளிவுறும். யப்பானியப் பொன்சாய்க் கலையில், மலையில் வளர்ந்த முதுமரத்தைப் பெயர்த்து வந்து பிழைக்கவைக்கும் வழக்கம் அத்தகையதொரு நிலைக்களமாகும்.

யப்பானியர் இதனை ‘யமதோரி’ என்பர். மலையிலிருந்து எடுத்தல் என்பதே அச்சொல்லின் பொருள். தொட்டியில் மரம் வளர்க்கும் கலை சீனத்திலிருந்து யப்பானுக்குச் சென்றதொன்று. விதையிலிருந்தும், கிளைத்துண்டிலிருந்தும், ஒட்டுக்கட்டியும் பொன்சாய் மரங்களை உண்டாக்கலாம். பெரும்பாலானவை அவ்வாறே உண்டாக்கப்படுகின்றன. எனினும் அவற்றுக்கு வாய்க்காத மதிப்பு யமதோரிக்கு உண்டு. பாறை வெடிப்பில் ஒரு பிடி மண்ணில் முளைத்து, பனியின் பாரம் அழுத்த, காற்று ஒருபுறமாகச் சாய்க்க, நூறாண்டுகளைக் கடந்தும் முழங்கால் உயரத்தைத் தாண்டாத மரங்கள் மலைகளில் உள்ளன. அவற்றின் ஆண்டு வளையங்கள் உருப்பெருக்கியின்றி எண்ணவியலாத நெருக்கமுடையன. உடலின் பெரும்பகுதி பட்டு, தோலுரிந்து, எலும்புபோல வெளுத்து நிற்க, நாடாவளவான ஓர் உயிர்ப்பட்டை மட்டும் வேரையும் இலையையும் இணைத்து நிற்பதும் உண்டு. கம்பியாலும் கத்தியாலும் இதனைப் போலச் செய்யலாம். இதனையே செய்துவிட முடியாது.

இம்மதிப்பே இம்மரங்களுக்கு வினையாயிற்று. சிம்பாக்கு எனப்படும் யூனிப்பர் மரங்கள் முதலில் சிகொக்குத் தீவின் இசிசூச்சி மலைப்பகுதியிலிருந்து எடுக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நீகாத்தா மாநிலத்து இத்தோயிகாவாவின் சுண்ணக்கல் மலைகளில் அவற்றினும் சிறந்தவை இருப்பது தெரியவந்தது. கயிற்றிற் தொங்கியவாறு செங்குத்துப் பாறைகளில் அவற்றை அகழ்ந்தெடுப்பதையே தொழிலாகக் கொண்டோர் அங்கு தோன்றினர். அவர்களுட் சிலர் வீழ்ந்து மாண்டனர். சில பதிற்றாண்டுகளுக்குள் கைக்கெட்டிய நல்ல மரங்கள் ஏறத்தாழ முற்றாக எடுக்கப்பட்டுவிட்டன. இன்று யப்பானின் தேசிய பூங்காக்களுடைய விசேட பாதுகாப்புப் பகுதிகளிற் செடிகொடிகளை எடுத்தல் சட்டத்தாற் தடைசெய்யப்பட்டுள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய வனங்களில் அனுமதிப்பத்திரம் பெறல் வேண்டும். சட்டம் இவ்விடயத்தில் மலையைக் காப்பதற்கே முயல்கின்றது. பெயர்க்கப்பட்ட மரத்துக்கும் பெயர்த்தவனுக்கும் இடையே உள்ளதைப் பற்றி அது வாய்திறப்பதில்லை.

பெயர்த்தல் என்பது யாது? நாற்றைப் பிடுங்கி நடுதல் உழவர் வழக்கமாகச் செய்வது. நாற்று சின்னாள் வாடிப் பின்னர் பச்சை பிடிக்கும். இளமையின் நெகிழ்ச்சி அதற்கு உண்டு. முதுமரத்தின் நிலை வேறு. அதன் தடித்த வேர்கள் மரத்தை நிலத்தோடு பிணிப்பன. நீரையும் கனியுப்புக்களையும் உறிஞ்சுவன அவற்றின் நுனிகளிலுள்ள மெல்லிய வேர்களே. பாறை மரத்தில் இம்மெல்வேர்கள் பெரும்பாலும் அடிமரத்துக்கு அண்மையில் இருப்பதில்லை; ஈரந்தேடி வெடிப்பின் வழியே நெடுந்தொலைவு சென்றிருக்கும். அகழ்பவன் தடித்த வேரை வெட்டும்போது அத்தொலைவிலுள்ளவை அனைத்தும் மலையிலேயே தங்கிவிடுகின்றன. மேலே இலைகள் முன்போலவே ஆவியுயிர்ப்பினால் நீரை இழந்துகொண்டிருக்க, கீழிருந்து வரவேண்டிய நீர் வராது போகின்றது. செலவு மாறாமல் வரவு மட்டும் அற்றுப்போன குடும்பத்தின் நிலை அது. ‘வேரோடும் வேரடி மண்ணோடும்’ என்னும் தொடரைத் தமிழிற் பூண்டோடு அழித்தலுக்கே வழங்குவர். இத்தொழிலிலோ, வேரடி மண்ணோடு எடுக்கப்பட்ட மரமே பிழைக்கின்றது. குறிப்பாகப் பைன் மரங்களின் வேரோடு கூடிவாழும் பங்கசுக்கள் அம்மண்ணிலேயே உள்ளன. மண்ணைக் கழுவி வேரை வெறுமையாக்கின் மரம் தன் வேர்களோடு தன் துணையையும் இழக்கின்றது.

அதன் பின்னர் செய்யவேண்டியவை எண்ணிக்கையிற் சிலவே. நீர் தேங்காததும் காற்றுப் புகுவதுமான நுரைக்கல் போன்ற பருமணிக் கலவையில், வேர்த்தொகுதி கொள்ளுமளவான மரப்பெட்டியொன்றில் அதனை நடுதல். பெட்டியோடு அசையாமற் கட்டுதல். கடுங்காற்றும் உச்சிவெயிலும் படாத இடத்தில் வைத்தல். இலைமீது நீரைப் பனிபோலத் தெளித்தல். வேர் ஓடும்வரை உரமிடாதிருத்தல். இவற்றுட் கட்டுதலின் இன்றியமையாமையைப் புதியோர் உணர்வதில்லை. வெட்டுவாயிலிருந்து அரும்பும் புதுவேர் நூலினும் மெல்லியது. காற்றில் அடிமரம் சிறிது ஆடினும் அது முறிந்துவிடும். மீண்டும் அரும்பும், மீண்டும் முறியும். ஈற்றில் அரும்புவதற்கான சேமிப்பே தீர்ந்துபோகும்.

இலையைக் குறைத்தல் வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வேர் குறைந்தவிடத்து இலையையும் அதே அளவிற் குறைத்துச் சமநிலை காணவேண்டும் என்பது பழைய கொள்கை. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் கொள்கைதான். ஆனால் புதுவேரை உண்டாக்கும் வெல்லம் இலையில் நிகழும் ஒளித்தொகுப்பிலிருந்தே கிடைக்கின்றது. வேரரும்புதலைத் தூண்டும் ஓமோன் கிளைநுனிகளிலிருந்தே கீழிறங்குகின்றது. ஆதலால், ஊசியிலை மரங்களைப் பொறுத்தளவிலேனும் இயன்றவரை இலையை விட்டுவைத்து, நீரிழப்பை நிழலாலும் ஈரப்பதனாலும் தணித்தலே நன்றென இன்று பலர் கருதுகின்றனர். காயமுற்றோனின் ஊணைக் குறைத்துக் காயத்தோடு சமப்படுத்துதல் மருத்துவமாகாது என்பதை நினைவிற் கொள்ளின் பின்னைய கருத்தின் வலு விளங்கும்.

இவையாவற்றினும் கடியது ஒன்றுண்டு. மரம் பிழைத்ததா என்பதை நெடுநாள் அறியவியலாது. யூனிப்பர் போன்ற மரங்கள் வேர் முற்றாக அழிந்த பின்னரும் மாதக்கணக்கிற் பசுமையாகவே நிற்கும். இளவேனிலிற் துளிர்ப்பதும் உறுதியான சான்றன்று. தண்டிற் சேமிக்கப்பட்டிருந்த உணவின் இறுதிச் செலவாகவும் அது இருக்கலாம். அத்துளிரைக் கண்டு களித்தவர் கோடையில் அது கருகக் காண்பர். வளர்ப்போனை ஐயம் வாட்டும் காலம் இதுவே. ஐயமுற்றவன் மண்ணைத் தோண்டிப் புதுவேர் வந்துள்ளதா எனப் பார்க்கின்றான். வந்த வேரை அதனால் அறுக்கின்றான். மனச்சான்று உறுத்துபவன் நாளுக்கு மும்முறை நீரூற்றுகின்றான்; வேரை அழுகச் செய்கின்றான். மலையிற் செய்த வன்மைக்கு ஈடாக முற்றத்தில் ஓயாது ஏதேனும் செய்துகொண்டிருக்க வேண்டும் என்னும் உந்துதல், பெயர்த்த கோடரியைப்போலவே மரத்துக்குக் கேடு விளைக்கக்கூடும். இரங்கும் மனம் தன்னை ஆற்றிக்கொள்வதற்காகச் செய்வதும், மற்றையதன் நன்மைக்காகச் செய்வதும் வேறுவேறு. மனித உறவுகளிலும் இவ்வேறுபாடு எளிதிற் தவறவிடப்படுகின்றது.

இனி, மூன்றாண்டுகள் இவ்வாறு காத்து மரத்தைப் பிழைக்கவைத்தவன், ‘இதனைக் காப்பாற்றியவன் நான்’ எனக் கூறுவானாயின், அக்கூற்று எத்தகையது? பொய்யன்று, ஆயினும் உண்மையின் பாதியை மறைக்கின்றது. ஸ்கொட்லாந்து அறவியலாளர் றொஸ் 1930இல் வெளியிட்ட ‘சரியும் நன்மையும்’ என்னும் நூலில் மனிதரின் அடிப்படைக் கடமைகளை வகுக்குமிடத்து, பிறர்க்கு நன்மை செய்தலையும் தான் செய்த தீங்குக்கு ஈடுசெய்தலையும் வெவ்வேறு கடமைகளாகப் பிரித்தார். இரண்டும் பிறர்நலம் நாடுவனவேயெனினும் அவற்றின் வேர்கள் வேறு. முன்னையது உலகில் துன்பம் உண்டு என்பதிலிருந்து எழுகின்றது; பின்னையது அத்துன்பத்தை விளைவித்தவன் தானே என்பதிலிருந்து எழுகின்றது. யமதோரி மரத்துக்குச் செய்யும் பணிவிடை இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. அது கருணையன்று, கடன்.

இது வெறும் பெயர்வேறுபாடு என எண்ணுதல் தவறு. கருணையாளன் களைத்தபோது நிறுத்தலாம். அவன் செய்தவரை புகழுக்குரியதே. கடன்பட்டவன் அவ்வாறு நிறுத்தவியலாது. கருணையின் அளவையும் காலத்தையும் ஈவோன் வகுக்கின்றான். கடனின் தவணையைக் கடன் கொடுத்தோனே வகுப்பான். இங்கு கடன் கொடுத்தது மரம். அதன் தவணை ஆண்டுகளால் எண்ணப்படுவது. முதலாண்டிலேயே கம்பி சுற்றிக் கிளையை வளைத்து அழகுகாண விழைவோர் பலர். அவ்விழைவினாலேயே மரத்தை அவர்கள் எடுத்துவந்தனர் என்பதும் உண்மை. ஆனால் வேரூன்றும்வரை, ஓராண்டாயினும் நான்காண்டாயினும், அவ்விழைவை ஒத்திவைத்தல் அவர்கள் பெருந்தன்மையாற் செய்யும் சலுகையன்று.

உணர்வற்ற மரத்துக்கு எவ்வாறு கடன்படுதல் கூடும் என வினவப்படலாம். இவ்வாட்சேபம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. அரிஸ்ரோட்டில் தாவரங்களுக்கு ஊட்டமும் வளர்ச்சியும் பற்றிய உயிர்நிலையை மட்டுமே வழங்கினார், புலனுணர்வை வழங்கினாரல்லர். தொல்காப்பிய மரபியலோ புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர்களாக வகுத்து அவ்வோரறிவு தொடுவுணர்வு என்கிறது. இன்றைய தாவரவியல், காயத்துக்கும் ஒளிக்கும் தொடுகைக்கும் தாவரங்கள் எதிர்வினையாற்றுவதை விரிவாகக் காட்டுகின்றதாயினும், நோவு என்னும் அனுபவம் அவற்றுக்கு உண்டென நிறுவியதாகக் கூறமுடியாது. மரத்துக்கு வலிக்கும் என்பதை அடிப்படையாகக் கொண்டு எழுப்பப்படும் வாதம் ஆதலால் மணலிற் கட்டிய வீடு.

ஆனால் கடனுக்கு வலி ஒன்றே ஆதாரமன்று. போல் ரெயிலர் 1986இல் வெளியிட்ட ‘இயற்கைக்கு மதிப்பளித்தல்’ என்னும் நூலில், உணர்வு இருப்பினும் இல்லாதொழியினும் ஒவ்வோர் உயிரிக்கும் தனக்கேயுரிய நன்மை ஒன்றுண்டு என வாதிட்டார். வேர் ஈரந்தேடுவதும் இலை ஒளிதேடுவதும் எவர்பொருட்டுமல்ல. அத்தேட்டம் தடைப்படுவது அம்மரத்துக்குத் தீங்கு. அத்தீங்கைச் செய்தவர்க்கு ஈடுசெய்யும் கடமையும் உண்டு என்பது அவர் கொள்கை. இதனை முழுதும் ஏற்கத் தயங்குவோரும் ஒன்றை ஒப்புவர்: யமதோரியை நாடுபவன் மரத்தை வெறும் பொருளாகக் கருதுவதில்லை. முந்நூறாண்டு வாழ்ந்தது என்பதற்காகவே அவன் அதனை மதிக்கின்றான். வாழ்ந்தமையை மதித்து எடுத்துவந்தவன், வாழ்தல் அதற்கொரு பொருட்டன்று எனப் பின்னர் கூறுதல் பொருந்தாது.

மனிதத் தேவையின் முன் இக்கடன் எவ்வளவு நிற்கும் என்பதற்கு ‘ஹச்சினோகி’ என்னும் நோ நாடகம் நல்லதோர் எடுத்துக்காட்டு. வறுமையுற்ற வீரனொருவன், பனியிரவில் தன் குடிலுக்கு வந்த துறவி குளிர்காய, எஞ்சியிருந்த பிளம், செரி, பைன் தொட்டி மரங்கள் மூன்றையும் வெட்டி எரிக்கின்றான். துறவி மாறுவேடம் பூண்ட ஆட்சியாளன் என்பது பின்னர் தெரியவருகின்றது. அவ்வீரனை எவரும் பழித்திலர், பழிக்கவும் முடியாது. மரத்துக்குப் பட்ட கடன் விருந்தினனின் உயிருக்கு முன் இளைத்தே போகும். ஆயினும் முற்றத்து அழகுக்கு முன்னும் அது இளைத்தல் வேண்டும் என்பதற்கு அந்நாடகம் சான்றாகாது.

அழகைப் பற்றிய ஐயமும் பழமையானதே. பதினான்காம் நூற்றாண்டில் துறவி கென்கோ எழுதிய ‘ட்சுரெசுரெகுசா’வில் ஹினோ சுகெதோமோ என்னும் பிரபுவின் கதை வருகின்றது. மழைக்கு ஒதுங்கிய இடத்தில் உடல் கோணிய இரவலரைக் கண்டு முதலில் வியந்து, பின்னர் அவ்வியப்பு அருவருப்பாக மாற, வீடு திரும்பித் தன் கோணல் தொட்டி மரங்கள் யாவற்றையும் எறிந்துவிட்டாராம். கோணலை நாடும் சுவையின் மறுபக்கத்தை அவர் கண்டார் என்பது மெய். எனினும் அவருடைய விழிப்பு அரைகுறையானது. இரவலரும் மரங்களும் அவர் கண்ணுக்கு இனியவையா இன்னாதவையா என்பதோடு அவர் நின்றுவிட்டார். எறியப்பட்ட மரங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவர் வினவவில்லை. பசித்த இரவலரைப் பற்றியும் வினவவில்லை.

சீன அறிஞர் குங் சு-சென் 1839இல் எழுதிய ‘நோயுற்ற பிளம் மரங்களின் மனை’ பற்றிய சிறு கட்டுரை இதனினும் ஆழமானது. வளைந்ததே அழகு எனக் கொண்ட கற்றோரின் சுவைக்கேற்பத் தோட்டக்காரர் மரங்களை முடமாக்குவது கண்டு, முந்நூறு தொட்டிகளை அவர் விலைக்கு வாங்கினார். மூன்று நாள் அழுதார். தொட்டிகளை உடைத்து, கட்டுக்களை அவிழ்த்து, மரங்களை நிலத்தில் நட்டு, ஐந்தாண்டில் நலமாக்குவதாக உறுதிபூண்டார். அரசு தன் அறிஞரை முடமாக்கியதையே அவர் குறித்தார் என்பர். உவமையை விடுத்து நேர்ப்பொருளை நோக்கினும் அவர் செயல் மதிப்புடையது: பிறர் பட்ட கடனை அவர் தம்முடையதாக ஏற்றார். ஆனால் யமதோரிக்கு அவர் மருந்து பயன்படாது. பாறை வெடிப்பிலிருந்து பெயர்த்த மரத்தை மீண்டும் அவ்வெடிப்பில் வைத்தல் இரண்டாவது பெயர்ப்பாகும். அதனை மரம் தாங்காது. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துத் தீர்க்கக்கூடிய கடன் இதுவன்று. ஏனைய ஈடுசெய்தல்களினின்றும் இது வேறுபடுவது இவ்விடத்திலேயே.

வீதி அமைப்பதற்கோ கல்லுடைப்பதற்கோ எப்படியும் அழியவிருக்கும் மரத்தைப் பெயர்த்தல் வேறு வகை. அங்கு தீங்கு பிறரால் விளைவது. பெயர்ப்பவன் உண்மையில் மீட்பவனே. எனினும், ‘எடுத்திராவிடின் அடுத்த பனியில் இது மாண்டிருக்கும்’ என்னும் வாதத்தை, எவ்வழிவும் நெருங்காத மரத்தைப் பெயர்த்தவரும் கையாளுவது உண்டு. முந்நூறு பனிக்காலங்களைக் கண்ட மரத்தைப் பற்றி அவ்வாறு கூறுவது நகைப்புக்கிடமானது. கண்காட்சிகளும் இம்மயக்கத்துக்குத் துணைபோகின்றன. அங்கு வரிசையாக நிற்பவை பிழைத்தவை. பெயர்க்கப்பட்ட முதலாண்டில் மாண்டவை எரிபொருளாயின. அவற்றுக்குப் பெயரட்டை எழுதுவாரில்லை.

பிழைத்தவற்றின் கடனும் பிழைக்கவைத்தவனோடு முடிவதில்லை. தொட்டி மரம் ஒருபோதும் தன் காலில் நிற்பதன்று. கோடையிற் சில நாள் நீரின்றி விடப்பட்டாலே முந்நூறாண்டும் முடிந்துவிடும். வாஷிங்ரனிலுள்ள தேசிய மரப்பூங்காவில் ஒரு வெண்பைன் மரம் உள்ளது. 1625 முதல் பேணப்பட்டு வருவதாகக் கூறப்படும் அம்மரம், ஹிரோசிமாவில் யமாக்கி குடும்பத்தாரின் தோட்டத்தில், 1945 ஓகஸ்ட் 6இல் குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில், மதிலொன்றின் மறைவில் நின்று பிழைத்தது. 1976இல் ஐக்கிய அமெரிக்காவின் இருநூற்றாண்டு நிறைவுக்கு யப்பான் வழங்கிய 53 மரங்களுள் அதுவும் ஒன்றாக அந்நாட்டுக்கே சென்றது. அது எங்கிருந்து தப்பி வந்தது என்பது 2001இல் அக்குடும்பத்தின் பேரர்கள் அங்கு சென்றபோதே அங்குள்ளோர்க்குத் தெரியவந்தது. அந்த இருபத்தைந்தாண்டுகளும் வரலாறறியாதோரே அதற்கு நாள்தோறும் நீரூற்றினர். பட்டவன் ஒருவன், செலுத்துபவர் பலர் என்னும் நிலையைப் பொன்சாய்போலத் தெளிவாகக் காட்டும் துறை வேறு அரிது. முதலிற் பெயர்ப்பவன் தன் ஆயுளுக்கு மட்டுமன்றி, இன்னும் பிறவாதோரின் காலைப்பொழுதுகளுக்கும் சேர்த்தே கையொப்பமிடுகின்றான்.

ஆதலால் அறவினாவின் கனம் பின்னைய பராமரிப்பிலன்றி முதலாவது வெட்டுக்கு முந்திய நேரத்திலேயே தங்கியுள்ளது. யப்பானியத் தோட்டக்கலையில் ‘நெமவாசி’ என்றொரு முறை உண்டு. பெரிய மரத்தைப் பெயர்ப்பதற்கு முன், ஒன்றிரண்டு ஆண்டுகள் முன்னதாகவே வேரைச் சுற்றிப் பகுதி பகுதியாக அகழ்ந்து வெட்டி, மண்ணிட்டு மூடி, அடிமரத்துக்கு அண்மையில் மெல்வேர் உண்டாகும்வரை காத்திருத்தலே அது. வேரைச் சுற்றுதல் என்பது சொற்பொருள். இன்று யப்பானிய அலுவலகங்களில் இச்சொல், கூட்டத்தில் ஒரு முடிவை முன்வைக்குமுன் உரியோர் ஒவ்வொருவரையும் தனித்தனியே கண்டு கருத்தறிதலுக்கு வழங்குகின்றது. தோட்டத்திலிருந்து அலுவலகத்துக்குச் சென்ற இப்பொருள்மாற்றம் தற்செயலானதன்று. மரத்திடம் சம்மதம் கேட்க வழியில்லை. வேரைச் சுற்றிவிட்டுக் காத்திருப்பவன், கேட்பதற்கு மிக அண்மையிலுள்ளதொன்றைச் செய்கின்றான். மறுப்பதற்கு மரத்துக்கு அவன் ஈராண்டு அவகாசம் அளிக்கின்றான். புதுவேர் உண்டாகாதவிடத்து அதுவே மறுப்பு.

பாறை மரங்களில் இம்முறை எப்போதும் கைகூடுவதில்லை. அங்கு தேர்ந்த கை முதலிற் செய்வது அடிமரத்தைப் பற்றி மெல்ல அசைத்துப் பார்ப்பது. மண்ணோடு சேர்ந்து அசையுமாயின் மெல்வேர்கள் திரண்ட பாயொன்று அடியில் இருத்தல் கூடும். அசையாது நிற்பின், ஒற்றைத் தடிவேர் பாறைக்குள் ஆழப் போயிருக்கும்; அவ்வேரை வெட்டி எடுக்கலாம், பிழைக்கவைக்க முடியாது. சிலவேளை மேல்மண்ணை ஒரு சாண் அகழ்ந்த பின்னரே இது தெரியவரும். விடியுமுன் புறப்பட்டு, பெட்டியும் கயிறும் சாக்கும் சுமந்து ஏறி வந்தவன் அப்பொழுது செய்யத்தக்கது, அகழ்ந்த மண்ணை மீண்டும் இட்டு, கையால் அழுத்தி, பெயர்ந்த பாசியை அதன்மேற் பரப்பி, தன் குடிநீரில் மிகுந்ததை அதற்கு ஊற்றி, வெறும் சாக்கோடு இறங்குதல்.